ஸ்டார்ட் பண்ணாதீங்க, டாக்டர்!

"காரை விட்டுட்டு சாவியை மட்டும் திருடற திருடனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சின்னதா ஆரம்பிச்சு மெல்ல மெல்ல முன்னுக்கு வர்ற ஆளா இருக்கும் சார்" என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட கார்களைப் பார்த்து, இந்தப் பள்ளம் லாரி இடித்தது, இந்தப் பள்ளம் வீட்டுச் சுத்தியல் இடித்தது என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்ட மறுவாரமே வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, வாசலில் 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டிவிட்டார். பலகைக்கு ஆணி அடித்துக் கொடுத்ததோடு அண்ணன் நழுவிவிட்டான். நான் அகப்பட்டேன். பதவி உதவியாளர். வேலை கார் ஓட்டுவது, கதவு திறப்பது, கால் மிதி வாங்குவது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது டாக்டர் வீட்டுக் கராஜில். வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். எங்கள் வீட்டு ஹாலில் கூட அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், என் இடுப்பு உயரம்தான். எஞ்சின் பின்னால். சீட் இரண்டே இரண்டு. அதில் ஏறுவதற்கே தனியாக உடற்பயிற்சி செய்ய வேண்டும் போலிருந்தது.

டாக்டர் கண் ஆபரேஷனில் பெயர் வாங்கியவர், இப்போது ஓய்வு. இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. ஆபரேஷன் தியேட்டரில் கத்தி கேட்கிற தோரணையிலேயே பேசினார்.

"திங்கட்கிழமை அந்த மெக்கானிக் இங்கயே வந்து ஆயில் மாத்தினான். செவ்வாய்க்கிழமை காலையில நான் ஆயில் அளக்கற டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். காஞ்சு கிடக்கு! ஒரு சொட்டு கூட ஒட்டலை. போனைப் போட்டுக் கிழிச்சுட்டேன். புதன்கிழமை மத்தியானம், 'ஆயில் பிடிக்கிற தட்டை விட்டுட்டுப் போயிட்டேன்'னு வந்தான். ஹால்ல அஞ்சு நிமிஷம் தனியா நின்னான். சாயங்காலம் பார்த்தா கொக்கியில சாவி இல்லை. திட்டினதுக்குப் பழி வாங்கிட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"அதான் எல்லாத்தையும் நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்களே" என்றார் அண்ணி. "எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"ஆதாரம் வேணும் மேடம். ஞாயிற்றுக்கிழமை எங்க கிளப் ஊர்வலம். இருபத்தி மூணு கார். முதல் கார் என்னுது. அத்தனை காருக்கும் அவன்தான் மெக்கானிக். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க ஆதாரம் கொடுத்தா, 'இவன் திருடன்'னு கிளப் குரூப்புல போட்டுடுவேன். கொடுக்கலைன்னாலும் போடுவேன். அப்புறம் இந்த ஊர்ல அவன் சைக்கிளுக்குக் கூட காத்தடிக்க முடியாது."

"சாவி இல்லாம ஊர்வலத்துக்கு எப்படி?"

"டீலர்கிட்ட மாத்துச் சாவி சொல்லியிருக்கேன். நாலு மணிக்கு வந்துடும். வந்ததும் ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போகணும்." அவர் கைபேசி அடித்தது. "டீலர்தான்" என்று வாசல் பக்கம் போனார்.

அண்ணி ஹாலுக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் ஐந்து கொக்கி. நான்கில் சாவிகள் தொங்கின, கராஜ் சாவி உட்பட. ஒன்று காலி.

"தம்பி, கராஜ் சாவியும் கார் சாவியும் பக்கத்துப் பக்கத்துல தொங்கியிருக்கு. ரெண்டையும் எடுத்தா காரே சொந்தம். ஏன் ஒண்ணை மட்டும் எடுக்கணும்?"

"ரெண்டாவதுக்குக் கை எட்டலையோ?"

"காரை எடுத்துட்டுப் போறது அந்த ஆளோட நோக்கமே இல்லை. கார் இங்கயே நிக்கணும். அசையக் கூடாது. அதுக்காக எடுத்த சாவி."

கராஜைத்தான் பூட்டுவார்கள், காரைப் பூட்டுவதில்லை. அண்ணி காரின் பின்மூடியைத் தூக்கினார். ஆயில் ஊற்றும் வாய்க்குப் பக்கத்தில் இருந்த டிப்ஸ்டிக்கை இழுத்து, காகிதத்தில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு வெளியே எடுத்தார். குச்சியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. தேன் நிறத்தில் புது ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஒட்டியிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"காஞ்சு கிடக்குன்னார். கண் டாக்டர் அண்ணி. அடுத்தவங்க கண்ணைத்தான் பார்த்திருப்பார்."

அண்ணி சிரிக்கவில்லை. குச்சியைப் பழையபடி சொருகிவிட்டு, கை கழுவ இடம் கேட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே.

அங்கே டாக்டரின் மனைவி சமையல் எண்ணெயை டின்னிலிருந்து பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் எச்.எம். அம்மா. நின்ற நிற்பிலேயே ஒரு ஸ்கேல் தெரிந்தது. என்னை அறியாமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

"புனல் புதுசா?" என்று கேட்டார் அண்ணி. எவர்சில்வர் புனலில் கடை ஸ்டிக்கர் இன்னும் உரிக்கப்படவில்லை.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டேன். தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவியும் நாத்தம் போகலை. எதை எடுத்து எதுக்கு ஊத்தறதுன்னு இந்த வீட்ல ஒரு விவஸ்தை கிடையாது."

"மெக்கானிக்தான் சாவியைத் திருடினார்னு டாக்டர் சொல்றாரே?"

"அந்த ஆள் திருடன் இல்லை. எழுதிக் கையெழுத்தே போட்டுத் தர்றேன்."

"அப்ப யார்னு நினைக்கறீங்க?"

"துப்பறிய வந்தது நீங்க. கேள்வித்தாளும் நானே, விடைத்தாளும் நானேவா?" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலுக்கு மூடி போட்டார்.

---

மெக்கானிக்கின் பட்டறை ஊரின் மறுகோடியில் இருந்தது. வாசலில் 'அன்னை ஒர்க்‌ஷாப்' என்று பலகை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு நாங்கள் போனபோது ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கூப்பிட்டதும் சக்கரப் பலகையில் சறுக்கிக்கொண்டு மனிதர் வெளியே வந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது. கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"அன்னைன்னா உங்க அம்மா நினைவாவா?" என்று அண்ணி பேச்சைத் தொடங்கினார்.

"ஆமாங்க. போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. பட்டறை வைக்க இடம் அவங்க கொடுத்தது."

டாக்டர் சொன்னதை எல்லாம் அண்ணி ஒன்றுவிடாமல் சொன்னார். திருடன் என்ற வார்த்தை வந்தபோது அவர் கையிலிருந்த துணியை ஒருதரம் மடித்தார். கோபப்படவில்லை.

"நான் எதையும் திருடலைங்க. ஆயிலும் குறைக்கலை. பதினொரு லிட்டர் அளந்து ஊத்தினேன்."

"குச்சி காஞ்சு கிடந்ததாமே?"

"கிடக்கும். அது ட்ரை சம்ப் எஞ்சின்." எங்கள் முகத்தைப் பார்த்து, விளக்கம் தேவை என்று புரிந்துகொண்டார். "நம்ம காருக்கெல்லாம் ஆயில் எஞ்சினுக்கு அடியிலயே கிண்ணம் மாதிரி ஒண்ணுல தங்கும். இந்தக் காருக்கு எஞ்சின் பக்கத்துல தனித் தொட்டி. உங்க வீட்ல மோட்டார் போட்டா தண்ணி மாடித் தொட்டிக்கு ஏறுதில்ல? அதே மாதிரி, எஞ்சின் ஓடறப்ப பம்ப் ஆயிலைத் தொட்டிக்கு ஏத்திடும். நிறுத்தி வச்சா கொஞ்சம் கொஞ்சமா இறங்கி எஞ்சினுக்குள்ள போயிடும். குச்சி இருக்கறது தொட்டியில. அதனால எஞ்சின் நல்லா சூடாகி, ஓடிக்கிட்டே இருக்கும்போதுதான் பார்க்கணும். நான் அப்படித்தான் பார்த்தேன். ரெண்டு கோட்டுக்கும் நட்டநடுவுல இருந்துச்சு. அவர் மறுநாள் காலையில, ஆறிப் போன எஞ்சின்ல பார்த்துட்டுத் திட்டறார். ஆறினா அப்படித்தாங்க இருக்கும்னு சொல்றதுக்குள்ள போனை வச்சுட்டார்."

"நாலு நாள் நின்ன கார். ஆறிப் போன எஞ்சின். அதுல குச்சி மேல் கோடு தாண்டி நனைஞ்சிருந்தா?"

"கீழ இறங்க இடமில்லாத அளவுக்கு யாரோ மேல ஊத்தியிருக்காங்கன்னு அர்த்தம்."

"அதை ஸ்டார்ட் பண்ணினா?"

"உள்ள இருக்கற ஆயில் பூரா தொட்டிக்கு ஏறும். தொட்டி கொள்ளாது. மூச்சு விடற குழாய் வழியா எஞ்சினுக்குக் காத்து போற இடத்துக்குள்ள கொட்டும். தெரு முழுக்க நீலப் புகை. புகையோட போனா அதிர்ஷ்டம். இல்லேன்னா எஞ்சினே போகும்."

பாடம் ஒப்பிப்பது போல் நிதானமாகச் சொன்னார். அண்ணி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு டாக்டருக்கு மாத்துச் சாவி வருது" என்றார் அண்ணி, சும்மா சொல்வது போல. "வந்ததும் ஸ்டார்ட் பண்ணப் போறார்."

மெக்கானிக்கின் கையிலிருந்து துணி கீழே விழுந்தது. "கை கழுவிட்டு வந்துடறேங்க" என்று உள்ளே ஓடினார். எனக்கும் திடீரென்று கை அழுக்காக இருப்பதாகத் தோன்றியதால் பின்னாலேயே போனேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா... நாலு மணிக்கு மாத்துச் சாவி வருதாம்மா... ஆமாம்மா... நீங்க பார்த்துக்கோங்கம்மா, நானும் வந்துடறேன்..."

திரும்பி வந்தபோது அண்ணி அவரிடம் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் இரவல் கேட்டுக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் நான் வெடித்தேன். "அண்ணி, கேஸ் முடிஞ்சது! அம்மாவும் பிள்ளையும் கூட்டுக் களவாணிங்க. சாவி அம்மாகிட்ட பத்திரமா இருக்கு. இப்பத்தான் போன்ல சொன்னார், என் காதால கேட்டேன்."

"அவங்க அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு, துரை. அதையும் அதே காதாலதான் கேட்டீங்க."

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்தவர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார்.

"அப்ப போன் எந்த நெட்வொர்க்ல போச்சு?"

"வண்டியை எடு தம்பி. மூணரை ஆச்சு. ஊத்தினது யாருன்னு தெரியும். சாவியை எடுத்தது யாருன்னும் தெரியும். ரெண்டும் ஒரே ஆள் இல்லை. நான் சொன்னா டாக்டர் நம்ப மாட்டார். எடுத்தவங்க வாயிலேர்ந்தே வரணும்." ஸ்பேனரை என் மடியில் வைத்தார். "போனதும் நான் டாக்டரை ஹாலுக்குள்ள இழுத்துட்டுப் போறேன். நீ கார் முன்மூடியைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழட்டிடு. சத்தம் வரக் கூடாது."

"கழட்டறது எனக்குக் கைவந்த கலை அண்ணி."

"திரும்ப மாட்டறதும் வரணும்."

---

நாலு அடித்து மூன்று நிமிஷத்தில் டீலர் ஆள் ஒரு உறையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். உறையைக் கிழித்துச் சாவியை எடுத்தபோது டாக்டரின் முகத்தில் பத்து வயசு குறைந்துவிட்டது. எச்.எம். அம்மா கராஜ் வாசலில் வந்து நின்றார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். கையில் ஈரமே இல்லை.

டாக்டர் குனிந்து, வளைந்து, ஒரு காலை உள்ளே விட்டு, பாக்கி உடம்பைச் சுருட்டிக் காருக்குள் ஏறினார்.

"ஏங்க..." என்றார் எச்.எம். அம்மா. "நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"இன்னிக்கே பார்த்துடறது நல்லது" என்று அண்ணி குறுக்கே விழுந்தார். "டாக்டர், ஸ்டார்ட் பண்ணுங்க."

எச்.எம். அம்மா அண்ணியைப் பார்த்த பார்வைக்கு நான் முட்டி போட்டிருப்பேன். அண்ணி அசையவில்லை. டாக்டர் சாவியைச் சொருகினார். விரல்கள் திரும்பத் தொடங்கின.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க!"

எண்ணூறு பிள்ளைகளை ஒரே சொல்லில் அடக்கிய குரல். டாக்டரின் இரண்டு கையும் தானாக மேலே போயின. அதே நொடியில் கேட்டுக்கு வெளியே ஒரு பைக் கிரீச்சிட்டு நின்றது. "டாக்டர், வேணாங்க! எஞ்சின் போயிடும்!" என்று ஹெல்மெட்டோடு ஓடி வந்தார் மெக்கானிக்.

"ரெண்டு பேர்" என்றார் அண்ணி. "நானும் ரெண்டு பேரைத்தான் எதிர்பார்த்தேன். கையை இறக்குங்க டாக்டர். நீங்க திருப்பியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. பேட்டரி ஒயரைக் கழட்டி வச்சாச்சு."

நான் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினேன். யாரும் பாராட்டவில்லை.

"என்ன நடக்குது இங்க?" என்றார் டாக்டர் சீட்டிலிருந்தபடியே.

"செவ்வாய்க்கிழமை காலையில திட்டி முடிச்சதும், நீங்களா எவ்வளவு ஆயில் ஊத்தினீங்க?"

டாக்டர் ஸ்டீரிங்கைப் பார்த்தார். "மூணு லிட்டர்."

"சமையல் ரூம் புனலை வச்சு. எங்ககிட்ட அதைச் சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே."

"பேஷண்டே மறைச்சா டாக்டர் என்ன சார் பண்ண முடியும்?" என்றேன்.

அண்ணி ஆறின எஞ்சினையும் காய்ந்த குச்சியையும் அவருக்கு விளக்கினார். டாக்டரின் காது சிவந்தது. பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "சாவியை நீயா எடுத்தே?"

"எடுக்கலை. பறிமுதல் பண்ணினேன். பையன் விளையாட்டுச் சாமானை வச்சுக்கிட்டு அடம் பிடிச்சா, பிடுங்கி என் மேஜை டிராயர்ல போடுவேன். தப்பை ஒத்துக்கிட்டாத்தான் திருப்பிக் கொடுப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"செவ்வாய்க்கிழமையே சொன்னேன். மெக்கானிக்கைக் கேட்டுட்டு ஊத்துங்கன்னேன். 'முப்பது வருஷம் கண்ணை அறுத்தவனுக்கு ஒரு குச்சியைப் பார்க்கத் தெரியாதா'ன்னீங்க. அப்புறம் நானே அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் போயிடும்னார். நான்தான் நேர்ல பேசணும்னு புதன்கிழமை வரச் சொன்னேன். தட்டெல்லாம் சாக்கு. 'சனிக்கிழமை அவர் முடி வெட்டப் போறப்ப வந்து இறக்கிடறேம்மா'ன்னார். நான்தான் வேணாம்னேன். ஊத்தினவரே இறக்கட்டும், அவர் வாயால ஒரு தடவையாவது தப்புன்னு சொல்லட்டும்னேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். போனில் கேட்ட அத்தனை அம்மாவும் இந்த அம்மாதான். அண்ணி என்னைப் பார்க்காமலேயே தலையை ஆட்டினார்.

மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "அம்மா கேட்டுக்கிட்டாங்க. ரெண்டு நாள்தானேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார் தரையைப் பார்த்து. "திட்டுவார்னு தெரியும். திருடன்னு சொல்வார்னு நினைக்கலைங்க."

 நான் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"அது என் தப்பு" என்றார் எச்.எம். அம்மா. "உங்களை நடுவுல மாட்டி விட்டது நான்தான். இவர் துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வருவார்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

அவ்வளவு சுலபமாக, மூச்சு விடுவது போலச் சொல்லி முடித்தார். டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காரிலிருந்து இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தார்.

"எங்க படுக்கணும்?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

ஜாக்கியில் காரைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, அடியிலிருந்த தகட்டுக்குப் பதினெட்டு திருகு கழற்றினோம். அட்டையை விரித்து மெக்கானிக் உள்ளே போனார். பக்கத்திலேயே, வெள்ளைச் சட்டையோடு, டாக்டர். நான் தரையில் கிடந்து டார்ச் பிடித்தேன். ஆறிய ஆயில் அவசரமே இல்லாமல் நூல் மாதிரி தட்டில் இறங்கியது. மூன்று லிட்டர் கோடு வந்ததும் மெக்கானிக் புது வாஷர் போட்ட நட்டை டாக்டரிடம் நீட்டினார்.

"மெதுவா. கையால முதல்ல. ஸ்பேனர் கடைசியில கால் சுத்து. நெருக்கினா மரை போயிடும்."

டாக்டர் நட்டைப் பொருத்தினார். ஒரு சொட்டு கூட அங்கே இங்கே சிந்தவில்லை. இரண்டு விரலில் திருகி, கால் சுற்றில் நிறுத்தினார்.

"கை நல்லா இருக்கு டாக்டர்" என்றார் மெக்கானிக்.

 இருவரும் மல்லாந்தபடி மேலே அந்த நட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"தப்பு என்னோடது" என்று முனகினார் டாக்டர். "ஆயில் விஷயம் மட்டுமில்லை. உங்களைப் போய்த் திருடன்னேன் பாருங்க, அது பெரிய தப்பு."

காலையிலிருந்து 'அவன்' என்று மட்டுமே கேட்டிருந்த நான் டார்ச்சை டாக்டர் முகத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். மெக்கானிக் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆயில் தெறிச்சிடுச்சு" என்றார்.

கராஜ் வாசலில் இரண்டு செருப்புகள் நகர்ந்து காருக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கலை" என்றது எச்.எம். அம்மாவின் குரல்.

காருக்கு அடியில் டாக்டர் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.